அடிக்குறிப்பில் நின்ற தண்ணீர்

மின்சாரம் போகக்கூடாது, இப்போது மட்டும் போகக்கூடாது என்று அம்பலவாணன் நினைத்தார். நினைத்த மாத்திரத்தில், அப்படி நினைப்பதே அதைக் கூப்பிட்டதாகிவிடுமோ என்று அஞ்சி அந்த நினைப்பைப் பாதியில் விட்டார். மேசைமேல் இருந்த லேப்டாப்பின் கறுப்புத் திரையில் வெள்ளைக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு மின்சாரம் குடிக்கலாம், எவ்வளவு வேகமாக ஓடலாம், எந்தச் சூட்டில் அடங்கிவிட வேண்டும் என்றெல்லாம் செய்தவர்கள் அதற்குள்ளேயே எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு, ஃபர்ம்வேர் என்பார்களே அது, அழிந்து, அந்த இடத்தில் அவர் கைப்படத் திருத்திய தொகுப்பு ஏறிக்கொண்டிருந்தது. பழையது அழிந்து புதியது முழுதாக ஏறாத இந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால் அட்டை வெறும் கல். மூலத்தை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்துவைத்திருந்தார். சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டார். ஆனால் கல்லுக்குள் எதைத் திரும்ப எழுதுவது? வெளியே மழை. விடியற்காலையில் தொடங்கிய மழை இன்னும் தன் குரலை மாற்றவில்லை. லேப்டாப்பின் பேட்டரி பழையது, சில நிமிடம் தாங்கும்; இன்வெர்ட்டர் கூடத்து மூலையில் சன்னமாக முனகுகிறது; இரண்டும் இருக்கின்றன, இரண்டையும் நம்பலாம், இரண்டும் ஒரே சமயத்தில் கைவிடாது, என்று எண்ணும்போதே கைவிட்டால் என்ற சொல்லும் கூடவே வந்தது. மாலையில் ஏரியின் மதகைத் திறக்கப்போகிறார்கள். எவ்வளவு திறப்பார்கள் என்பதை நண்பகலில்தான் அறிவித்தார்கள். அந்த அளவைக் கொடுத்து, எழில் நகரின் மேடுபள்ளங்கள் அத்தனையையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்தத் தெருவில் எந்த வாசல்வரை தண்ணீர் வரும் என்று இந்த அட்டை சொல்ல வேண்டும். அட்டை இதுவரை ஓடிய நடையில் ஓடினால் விடை இருட்டுகிற நேரத்துக்குத்தான் வரும். நான்கு மணிக்குள் வேண்டும்.

நான்கு மணிக்குள் வேண்டும் என்பதை அவர் நிச்சயிக்கவில்லை. கீழே தண்ணீர்க் கேன் வண்டியை நிறுத்திவிட்டு, கீழ்வீட்டுக் கஸ்தூரி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் நிச்சயித்தான். "சார், நாலு பேரும் இங்கதான் கீறோம். நாலு மணிக்கு மேல கேக்காதீங்க. எங்க வூட்லயும் சாமான ஏத்தணும், எங்காளுங்களும் மனுசங்கதான்." கேட்டது நியாயம். கஸ்தூரியின் கணவர், பக்கவாதத்தில் படுத்த தணிகாசலத்தை வெளிப்படிக்கட்டு வழியாக மாடிக்குத் தூக்கிவர நால்வர் வேண்டும். மூவர் போதாது என்பது போன ஆண்டு தெரிந்துபோயிற்று. போன ஆண்டு. அந்த நினைவு வருகிறது என்று தெரிந்ததும் அம்பலவாணன் வெள்ளைக்கோட்டை உற்றுப்பார்த்தார், கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்பதுபோல. கோடு நகர்ந்ததா, நின்றதா? நகர்ந்தது. போன ஆண்டு இதே கணினியில் இதே கணக்கைப் போட்டு, தண்ணீர் வரும் என்று அவர்தான் சொன்னார். நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் மார்போடு கட்டி, மூவர் தூக்கினார்கள், படிக்கட்டின் திருப்பத்தில் ஒருவன் கால் வழுக்கியது, நாற்காலி சாய்ந்தது, முப்பது வருடம் மாநகரப் பேருந்தில் நடத்துநராகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்த மனிதர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, படியில் தலைகீழாகக் கிடந்தபடி வேட்டியை நனைத்துக்கொண்டார். தண்ணீர் வரவில்லை. தெருமுனையில் கணுக்கால் அளவு நின்று, விடிந்ததும் வடிந்துபோயிற்று. தோள் மூட்டு விலகிய வலியோடு ஒரு மாதம் கிடந்த தணிகாசலம், பக்கவாதம் பாதி தின்ற நாக்கால், ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து, "முங்கிச் செத்தாலும் பரவால்ல சார். இன்னொருதரம் தூக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து அம்பலவாணனுக்குச் சந்தேகத்தின்பேரில் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. நிச்சயமாக வரும் என்றால் தூக்க வேண்டும், நிச்சயமாக வராது என்றால் தூக்கக்கூடாது. நடுவில் எதுவும் இல்லை.

ஆகவே இதில் அவசரப்படவில்லை, இதில் மட்டும் அவர் ஒரு பிசகும் விடவில்லை. இணையத்தில் இந்த அட்டைக்கென்று திருத்திய தொகுப்புகளைப் பலர் இலவசமாகப் போட்டிருந்தார்கள். ஒருவன் திருத்தியதை இன்னொருவன் எடுத்து மேலும் திருத்தி, மூன்றாமவன் அதற்குத் தன் பெயரை வைத்து, ஏடு பெயர்த்தெழுதியவர்களின் கதைதான். அவற்றை எல்லாம் இறக்கி, பக்கம்பக்கமாக வைத்து ஒப்புநோக்கினார். எது எதிலிருந்து பிறந்தது என்று கிளை வரைந்தார். அது ஒன்றும் அவருக்குப் புதிய வேலையன்று, கதைப்பாடல்களின் பாடபேதங்களோடு ஒரு வாழ்நாளைக் கழித்தவர். கடைசியில் எல்லாவற்றையும் தள்ளினார். பிறர் அட்டையிலிருந்து பிறந்த பாடம் தன் அட்டைக்கு ஆகாது. தன் அட்டையின் மூலத்தையே எடுத்து, அதில் மின்சாரத்தின் மேல்வரம்பை மட்டும், அதையும் ஒரு சிறு படி, உயர்த்தினார். மின்னழுத்தத்தைத் தொடவில்லை. இந்தச் சூட்டைத் தாண்டினால் அணைந்துவிடு என்ற கடைசிக் கட்டளையைத் தொடவேயில்லை. அதைத் தளர்த்தியவர்கள் அட்டையை எரித்துக்கொண்ட கதைகளையும் படித்திருந்தார். போன வாரமே மூடியைக் கழற்றி, காய்ந்து விறைத்த பழைய பசையைத் துடைத்துவிட்டு, சூடு கடத்தும் புதுப் பசையை வைத்து, விசிறியிலிருந்து முடியும் தூசியும் திரண்ட கம்பளிபோன்ற ஒன்றை உருவி எடுத்தார். மனைவி சௌந்தரம் அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொட்டிக்குச் சளி எடுக்குறீங்க, எனக்கு ஒரு வாரமா இருமல், ஒரு மாத்திரை வாங்கித்தர ஆளில்ல" என்றாள். வாங்கித்தந்தாரா? தந்தார் என்றுதான் நினைவு. இருமல் நின்றுவிட்டது, ஆகவே தந்திருக்க வேண்டும். இல்லை, தானாக நின்றிருக்கும்.

விசில் கேட்டது. கீழேயிருந்து, இரண்டு. அம்பலவாணனின் தோள் தளர்ந்தது. இரண்டு என்றால் போகலாம், ஒன்று என்றால் நிறுத்து. நாக்கு போனபின் தணிகாசலம் தன் நடத்துநர் விசிலைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு வீட்டை அதைக்கொண்டுதான் நடத்துகிறார். சோறு போதும், ஒன்று. ஜன்னலைத் திற, இரண்டு. கஸ்தூரி திட்டத் தொடங்கினால், ஒன்று, நீளமாக. "பஸ்ஸு வுட்டு எறங்கியாச்சுய்யா, இன்னும் விசில் வுடுது பாரு" என்று அவள் சொல்லும்போது குரலில் சலிப்பும் இருக்கும், வேறு ஒன்றும் இருக்கும். இப்போது எதற்கு இரண்டு? தேநீராக இருக்கும். கோடு முக்கால்பங்கைத் தாண்டியிருந்தது. தாண்டியதும், மனம் தணிகாசலத்தின் கட்டிலருகே போய் நின்றுகொண்டது, கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. அங்கே ஒன்று கிடக்கிறது, கிடந்த இடத்தை அவர் அறிவார். போன ஆண்டுக்கும் முன்பு ஒரு பெருவெள்ளம் வந்து போனபின், கணினிக்குச் சரியான அளவுகள் வேண்டும் என்று, தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டவர் அவர். உங்கள் வீட்டில் எதுவரை வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது? முழங்கால் என்றார்கள், இடுப்பு என்றார்கள். அடுத்த முறை கேட்டபோது முழங்கால் தொடையாகியிருந்தது. சொல்லச் சொல்லத் தண்ணீர் ஏறும் என்பது அவருக்கு எதிர்பார்த்ததே. ஆனால் திசையில் யாரும் வேறுபடவில்லை. மேற்கே, ஏரிப்பக்கமிருந்து, பிரதான சாலை வழியாக, வாசல் வழியாக. எல்லோரும் அப்படித்தான். கஸ்தூரியும் அப்படித்தான், அவள் அப்போது வாசலில் மணல்மூட்டையை அணைத்தபடி நின்றவள். தணிகாசலம் மட்டும், கட்டிலில் படுத்தபடி குளியலறைக் கதவுக்கு நேராக முகம் வைத்திருந்தவர், "உள்ள... ருந்து" என்றார். எதிலிருந்து? "கொழாய்... ஓட்ட." கையைத் தூக்கிக் குளியலறைத் தரையைக் காட்டினார். கழிவுநீர் போகும் துளையிலிருந்தா? ஆமாம் என்று தலையசைத்தார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அவருக்கு எல்லாமே உள்ள இருந்துதான் சார் வரும்" என்றான் ஒருவன், தணிகாசலமும் கோணிய வாயால் சிரித்தார். அம்பலவாணனும் சிரித்தாரா? எழுதிக்கொண்டார், அது நிச்சயம். எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, கீழே அடிக்குறிப்பில் வைத்தார். ஒருவர் மட்டும் சொன்னது, சொன்னவர் உடல்நலம் குன்றியவர், பிறரால் உறுதிப்படவில்லை.

பிழையில்லாத முறை. எத்தனையோ பாடல்களுக்கு அந்த முறையைத்தான் கையாண்டார். ஏரிக்கரை உடைந்துகொண்டேயிருக்க, கரை நிற்பதற்காக ஒரு பெண் தண்ணீருக்குள் இறங்கிய கதைப்பாடல் ஒன்று. தென்மாவட்டங்களில் அதைப் பாடியவர்கள் அனைவரிடமும் அவள் தானாக, மஞ்சள் பூசி, பூ வைத்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள். கள் வாசம் வீசிய ஒரே ஒரு கிழவர், இரண்டாம் நாள் சாயங்காலம், பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்க அவ எறங்குனா? தள்ளிவிட்டாய்ங்கய்யா." ஒருவர் மட்டும், போதையில் இருந்தவர், அடிக்குறிப்பு. கருத்தரங்கில் ஒரு பெண் எழுந்து, அந்த அடிக்குறிப்பு ஏன் மேலே வரவில்லை என்று கேட்டபோது, எது நடந்தது என்பதல்ல, எது வழங்குகிறது என்பதே தம் ஆய்வு என்று அவர் விடை சொன்னார், கைதட்டினார்கள். இப்போதும் அந்த விடை சரியானதே. பாட்டுக்குச் சரியானதே. பாட்டில் எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணலாம், ஏனென்றால் சொல்வதுதான் பாட்டு. தண்ணீர் யாரும் சொல்லி வருவதில்லையே. இந்த வாக்கியம் அவருக்குள் வந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். கீழே போய், அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொருமுறை கேட்க வேண்டும். சிரிக்க ஆளில்லாதபோது கேட்க வேண்டும். வாசலில் தண்ணீர் வருவதற்கு முன்பா, பின்பா? எவ்வளவு வேகமாக? துளையின் மூடி தெறித்ததா? எழுந்தவர் கோட்டைப் பார்த்தார். ஏறும்போது பக்கத்தை விட்டு நகராதே, எதையும் தொடாதே என்று எல்லாப் பாடங்களும் ஒரே குரலில் சொல்லியிருந்தன. உட்கார்ந்தார். அப்படியே அது உண்மை என்றாலும் அதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? அதற்குத் தெரிந்தது தரையின் மேடும் பள்ளமும் மட்டுமே; தரைக்கடியில் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று யாரிடமும் படமில்லை, தெருவைத் தோண்டியவர்களுக்கே தெரியாது. சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? கோடு வலது ஓரத்தைத் தொட்டது. திரை அணைந்தது. கை சட்டைப் பைக்குப் போனது. பிறகு வெளிச்சம், எழுத்துகள், வெற்றி என்ற சொல்.

அணைத்து மறுபடி ஏற்றினார். அட்டை உயிரோடிருந்தது. முதலில் சோதனை ஓட்டம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, சூட்டைக் காட்டும் எண்ணின்மேல் கண்ணை வைத்தார். ஏறியது, ஏறியது, அவர் வகுத்திருந்த எல்லைக்கு வெகுகீழே நின்றுகொண்டது. இத்தனை வருடம் இந்த அட்டையைப் பாதி மூச்சில் ஓடவிட்டிருக்கிறார்கள். வெள்ளக் கணக்கைத் தொடங்கினார். விசிறி, இதுவரை கேட்டிராத சுருதியில், மிக்ஸி ஓடுவதுபோல் அலறத் தொடங்கியது, சௌந்தரம் கதவருகே வந்து உதட்டை அசைத்தாள், என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை, சாப்பாடாக இருக்கும். திரையில் தண்ணீரைக் காட்டும் நீலம் மேற்கே ஏரியில் பிறந்து, சாலையில் இறங்கி, பள்ளிக்கூட மைதானத்தை நிரப்பி, நின்று, வழி தேடி, ரேஷன் கடை முக்கில் திரும்பியது. எவ்வளவு அழகாகத் திரும்புகிறது! கணக்கு ஓடிய அந்த நெடும்பொழுதில் அவர் நாற்காலியை விட்டு எழவேயில்லை. கீழே போகலாம் என்று நினைத்தார். சூட்டு எண் ஒரு பாகை ஏறியது, உட்கார்ந்தார். எண் இறங்கியது, இறங்கியபின் போவது எதற்கென்று மறந்திருந்தது. மணி நான்கை நெருங்கியபோது ஓட்டம் முடிந்தது. நீலம் எதிர்வீட்டு மதிலை நக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அவர்கள் வீடு வெள்ளை. வாசல் வெள்ளை. தெருவே பாதிக்குமேல் வெள்ளை. ஓட்டத்தின் அளவுகளைச் சரிபார்த்தார், ஓரிடத்திலும் பிசகு இல்லை. போன ஆண்டின் தவறு எது என்பதும் தெரிந்தது: அப்போது புதிய சாலையின் உயரத்தைச் சேர்க்கவில்லை, இப்போது சேர்த்தாயிற்று. மழையில் படிக்கட்டின் உச்சிக்குப் போய் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சொன்னார்.

"வராது. நம்ம வாசலுக்கு வராது."

"நெஜமாவா சார்?" கஸ்தூரி முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "போன தபா மாதிரி இல்லியே?"

"போன தடவை தப்புக் கணக்கு. இது சரியான கணக்கு. தூக்க வேண்டாம்."

"அப்பாடா. வூட்டுக்காரரு காலைலேர்ந்து என்னப் புடிச்சுக் கெஞ்சறாரு சார், தூக்க வுடாதடீன்னு." உள்ளே பார்த்துக் கத்தினாள்: "யோவ்! வாணாமாம்! சார் சொல்லிட்டாரு!" உள்ளிருந்து இரண்டு விசில், துள்ளலாக, பிராட்வே பஸ் நிலையத்தில் வண்டி நிறைந்துவிட்டதுபோல். எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம், "கண்டக்டர் ரைட் குடுத்துட்டாரு, கெளம்புங்கடா" என்றான். கேன் வண்டி தெருமுனையில் திரும்புவதை அம்பலவாணன் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு பேர். நான்கு பேரும் வண்டியின் பின்னால் கித்தானைப் போர்த்திக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? ஒருவர் மட்டும் சொன்னது, அடிக்குறிப்பு, இருந்தாலும்? மறுபடி அந்த நாற்காலி, மறுபடி அந்த வேட்டி, மழையில் வழுக்கும் படி. கூப்பிடவில்லை. சௌந்தரம் குடையை விரித்தாள். "மெழுகுவத்தியும் பாலும் வாங்கிட்டு வாறோம். கடையை மூடிருவான். நானும் கஸ்தூரியும் போறோம். பொட்டியக் கட்டிக்கிட்டு அழாம, கீழ அவரு ஒண்டியா இருக்காரு, காதுல வச்சுக்கங்க." சரி என்றார். காதில் வைத்துக்கொள்வதாகத்தான் சொன்னார். கஸ்தூரி கதவைச் சாத்தி, காற்றில் திறந்துகொள்ளாதபடி வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து குடைக்குள் நுழைந்தாள். இரண்டு பெண்களும் வாசல் மணல்மூட்டைகளைத் தாண்டி, காலடியில் தண்ணீர் இல்லாத, வெறும் ஈரம் மட்டுமே இருந்த தெருவில் போனார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, சந்தேகம் ஒன்றும் இல்லாத மனிதர் ஏன் மறுபடி ஒரு கணக்கைப் போட வேண்டும் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அறிவித்ததைவிட மதகை அதிகமாகத் திறந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம்; தங்கள் தெருவை மட்டும் வெட்டியெடுத்துப் போட்டால் அரைமணியில் முடியும்; இந்த வேகத்துக்கு அது ஒன்றுமேயில்லை. விசிறி மறுபடி அலறியது. அந்த அலறலுக்குள் மழைகூடக் கேட்கவில்லை, அது ஒரு சுகமாகவும் இருந்தது. காலையிலிருந்து மண்டைக்குள் அடித்த மழை. இரண்டு மடங்கு திறந்தார். நீலம் எதிர்வீட்டுப் படியில் ஏறியது, இவர்கள் வீட்டு வாசலில் ஏறவில்லை. மூன்று மடங்கு. மணல்மூட்டையைத் தொட்டது, தாண்டவில்லை. எப்படிப் போட்டாலும் வீடு வெள்ளை. சூட்டு எண் ஆடாமல் அசையாமல் நின்றது. ஒரு விதத்தில் தன் வாழ்நாளில் இத்தனை ஒழுங்காக எதையும் செய்ததில்லை என்று தோன்றியது: எதை உயர்த்தலாம் எதை உயர்த்தக்கூடாது என்று பிரித்து, ஒவ்வொரு எல்லையையும் காத்து, மூலத்தைப் பையில் வைத்துக்கொண்டு. பையைத் தொட்டார். இருந்தது. ஓட்டம் முடிந்தது. விசிறி, உச்சத்திலிருந்து படிப்படியாக இறங்கி, முனகலாகி, மூச்சாகி, நின்றது.

நின்ற பிறகு, விசில். ஒன்று. நீளமாக. இடைவெளி. ஒன்று. மூச்சு போதாமல் நடுவில் உடைந்து, மறுபடி, ஒன்று. இப்போது தொடங்கியதா? இப்போது தொடங்கிய விசில் இப்படி இருக்காது; இது வெகுநேரமாக ஊதிய விசில், ஊதி ஊதி இளைத்த விசில், அலறலுக்கடியில் இத்தனை நேரமும் இருந்திருக்கிறது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார், செருப்பு அகப்படவில்லை, படிக்கட்டு வழுக்கியது, போன ஆண்டின் திருப்பத்தில் கைப்பிடியைக் கட்டிப்பிடித்து நின்றபோது இன்னொரு ஒன்று கேட்டது, அதன் நடுவில் ஏதோ கொப்பளித்தது, அடுத்த படியில் கால் வைத்தபோது எதுவும் கேட்கவில்லை. கடைசிப் படியில் நின்று பார்த்தார். தெரு, திரையில் இருந்தபடியே இருந்தது. சாலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, எதிர்வீட்டு மதிலுக்கு இப்பால் தரை தெரிந்தது, கணக்கு ஓரிடத்திலும் பிசகவில்லை. தாழ்ப்பாள் போட்ட கதவின் கீழிடுக்கிலிருந்து கறுத்த தண்ணீர், வீட்டுக்குள்ளேயிருந்து, வாசலை நோக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. வெளித் தண்ணீரைத் தடுக்க அடுக்கிய மணல்மூட்டைகள் அதை வெளியே விடாமல் தேக்கி நிறுத்தியிருந்தன.